முனியப்பன் வளைவில் நின்ற வண்டி

2019 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது இருபது. தொடர்ந்து பதினோராவது வெள்ளியாக மலைப்பாதையில் நின்றுபோன மோட்டார் சைக்கிளோடு பூசாரி மாதையன் சாலம்மாவின் பட்டறைக்கு வந்தார்.

ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வண்டியில என்ன குத்தம்னு பார்க்காதம்மா. என்கிட்ட என்ன குத்தம்னு பார்த்துச் சொல்லு."

சாலம்மா பதில் சொல்லவில்லை. அவருடைய உதடுகளுக்கு நடுவே இரண்டு ஸ்க்ரூக்கள் இருந்தன.

மாதையனுக்கு வயது ஐம்பத்து நான்கு. சாலம்மாவுக்கு முப்பத்தாறு. அந்த வட்டாரத்தில் எந்த வண்டியின் கார்புரேட்டர் மக்கர் செய்தாலும் நாலு இடம் சுற்றிவிட்டுக் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். கார்புரேட்டர் சாலம்மா என்று சொன்னால் பஸ் கண்டக்டர் பட்டறை வாசலிலேயே இறக்கிவிடுவார். கழற்றிய ஸ்க்ரூக்களைத் தொலையாமல் இருக்க வாயில் கவ்விக்கொள்வது அவர் வழக்கம். அதனால் பேச்சு குறைவு.

பேசும் வேலையை அவர் புருஷன் காவேரி பார்த்துக்கொண்டார். பட்டறையை ஒட்டி அவருக்கு டீக்கடை.

"எங்க நின்னுச்சுங்ணா?" என்றார் காவேரி.

"முனியப்பன் வளைவுல."

"போன வெள்ளி?"

"முனியப்பன் வளைவுல."

"அதுக்கு முந்தின வெள்ளி?"

மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மலை மேலே மேல்கொட்டாய் மாரியம்மனுக்கு அவர்தான் பூசாரி. வீட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர். வெள்ளிதோறும் பொழுது விடிவதற்குள் அங்கே விளக்கு ஏற்ற வேண்டும். ஆடி வெள்ளி என்றால் மேல்கொட்டாய்ப் பெண்கள் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள்.

அன்று ஆடி முதல் வெள்ளி. விளக்கு எரிந்தபோது மணி ஏழே கால்.

"ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி கோயில் வாசல்லயே மயங்கி விழுந்துட்டா" என்றார் மாதையன். "முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க. அப்பவும் குடிக்கல. நான் விளக்கு ஏத்தின பிறகுதான் குடிச்சா. அவ குடிக்கிறதை நின்னு பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

காவேரி டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"நேரத்தோட கிளம்பலாமேங்ணா."

"மூணரைக்கே கிளம்பிப் பார்த்தேன். அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் நின்னுச்சு."

"வேற வண்டில போகலாமே. என் வண்டி சும்மாதான் நிக்குது."

"வேற வண்டில போனா குத்தத்துக்குப் பயந்து ஓடினேன்னு சொல்வாங்க."

குத்தம் என்ற சொல்லை மேல்கொட்டாயில் முதலில் சொன்னது குறி சொல்லும் ஒரு அம்மாள். முனியப்பன் பூசாரியை வழி மறிக்கிறான், பூசாரியிடம் ஏதோ குத்தம் இருக்கிறது, என்ன குத்தம் என்று அவரே தேடட்டும் என்று சொல்லிவிட்டார். ஊர்க்கவுண்டர் ஒரு நாள் குறித்தார். ஆடி மூன்றாம் வெள்ளி, கூழ் ஊற்றும் நாள். அன்றைக்கும் விளக்கு தாமதமானால் மாதையன் கோயில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அந்தச் சாவி இருபத்தாறு வருடமாக அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. சொல்லும்போதே கை அங்கே போனது.

சாலம்மா ஸ்க்ரூக்களைத் துப்பினார்.

"இதுக்கு முன்னால யார்யார்கிட்ட காட்டினீங்க?"

"நாலு பேர்கிட்ட. முதல் ஆளு கார்புரேட்டரைக் கழுவினான். ரெண்டாவது ஆளு ஜெட்டை மாத்தினான். மூணாவது ஆளு கார்புரேட்டரையே புதுசா போட்டான்."

"நாலாவது ஆளு?"

"கோயிலுக்குப் போகச் சொன்னான். நான் பூசாரின்னு அவனுக்குத் தெரியாது."

சாலம்மா கார்புரேட்டரைக் கழற்றினார். வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொரு உறுப்பாக வரிசையில் வைத்தார். பெட்ரோல் போகும் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாயில் வைத்து ஊதினார். காற்று தடையில்லாமல் போனது.

"கல்யாணத்துக்கு விளக்கி வச்ச பாத்திரமாட்டம் இருக்குது" என்றார்.

"அப்ப சரியாயிடுச்சா?"

"இதுல எதுவும் கெடவே இல்ல."

மாதையன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அழுக்கு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

சாலம்மா எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். பிறகு பெட்ரோல் டாங்க் மூடியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். சாவித் துவாரத்தை மட்டும் விட்டு மூடி முழுவதும் சந்தனம் அப்பியிருந்தது. காய்ந்து, வெடித்து, அதன்மேல் மறுபடி பூசி, நடுவில் குங்குமம். ஒரு வடைக் கனம் இருக்கும்.

"அதை மட்டும் தொடாதம்மா" என்றார் மாதையன். "சாமி பொட்டு."

சாலம்மா கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மூடியையும் மாதையனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நாளைக்கு மலைப்பக்கம் போகாதீங்க. எதிர்ப்பக்கம் தருமபுரி ரோட்டுல போங்க. அதே நேரத்துக்குக் கிளம்புங்க. எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. மீட்டரை மட்டும் பார்த்துக்கங்க."

"எதுவரைக்கும் போகணும்?"

"நிக்கிறவரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாதையன் வந்தார்.

"நின்னுச்சு" என்றார்.

சாலம்மாவின் வாயில் ஸ்க்ரூ இருந்தது. காவேரிதான் கேட்டார்.

"அங்க என்ன சாமிங்ணா?"

மாதையன் தயங்கினார்.

"சாமி எதுவும் இல்ல. ஒயின் ஷாப்பு."

காவேரி டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"கடை திறக்கல. ஆனா ஏழெட்டுப் பேரு அப்பவே வந்து உட்கார்ந்திருந்தாங்க. நான் இறங்கி, செருப்பைக் கழட்டிட்டு, பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் வெட்டினேன். எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. ஒருத்தன் வந்து தீர்த்தம் கேட்டான்."

"கொடுத்தீங்களா?"

"என்கிட்ட ஏது தீர்த்தம்? துன்னூறு கொடுத்தேன்."

சாலம்மா ஸ்க்ரூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மீட்டர்?"

"ஏழு தாண்டி, ஏழரைக்குள்ள."

"வீட்டுலேருந்து முனியப்பன் வளைவு எத்தனை?"

"அதுவும் ஏழு." சொல்லிவிட்டு மாதையன் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப முனியப்பன் மறிக்கலையா?"

"காலைல கிளம்பும்போது என்னென்ன செய்வீங்க?"

"டாங்கைத் திறந்து பெட்ரோல் இருக்குதான்னு பார்ப்பேன். பெட்ரோல் காட்டுற முள்ளு வேலை செய்யறதில்ல. மூடுவேன். பொட்டு வைப்பேன். கும்பிட்டுட்டுக் கிளம்புவேன்."

சாலம்மா கையில் இருந்த ஸ்க்ரூவை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு, மற்றதை முடுக்கக் குனிந்தார். அந்த இடைவெளியில் மாதையன் முகம் மாறியது.

"புரிஞ்சுபோச்சும்மா" என்றார்.

சாலம்மா தலையை நிமிர்த்தினார்.

"முனியப்பன்மேல பழி போட்டேன் பாரு. மலைக்குப் போனாலும் நிக்குது, ஒயின் ஷாப்புக்குப் போனாலும் நிக்குது. குத்தம் என்னோடயே கூட வருது. என்கிட்டத்தான் இருக்குது."

சாலம்மா கையை ஆட்டினார். வாயில் இருந்த ஸ்க்ரூவைத் துப்பி, என்ன சொல்ல வந்தாரோ அதைச் சொல்வதற்குள் வண்டி ரோட்டில் ஏறிவிட்டது.

"கூப்பிடட்டுமா?" என்றார் காவேரி.

"வேணாம். திரும்பி வருவாரு."

"எப்படித் தெரியும்?"

"நிக்குமில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாதையன் தம்பி சென்றாயனைப் பார்க்கப் போனார். முப்பத்தொரு கிலோமீட்டர்.

ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதில் வந்த சண்டை. முடிவில் சென்றாயன் தன் முறையையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமனார் ஊருக்கே போய்விட்டார்.

வண்டி போகும் வழியில் நான்கு இடத்தில் நின்றது. நான்கு இடத்திலும் மாதையன் எல்லாம் செய்தார். மூன்றாவது இடத்தோடு எலுமிச்சம்பழம் தீர்ந்துபோனது.

சென்றாயன் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு என்மேலதான்" என்றார் மாதையன். "செவ்வாய்க்கிழமை உன் முறைதான். எனக்கு அப்பவே தெரியும்."

சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார். மாடு குடித்து முடிக்கும்வரை வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காரு" என்றார் பிறகு.

அவ்வளவுதான். அவர் மனைவி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். மாதையன் குடித்தார். கிளம்பும்போது சும்மா வர மனசு கேட்கவில்லை. பூசாரியின் கை. மடியில் இருந்த சந்தனத்தை எடுத்து, தம்பியின் வண்டிக்கும் டாங்க் மூடியில் ஒரு பொட்டு வைத்தார்.

சென்றாயன் தடுக்கவில்லை. துடைக்கவும் இல்லை.

திரும்பி வரும்போது வண்டி மறுபடி நான்கு இடத்தில் நின்றது.

இரண்டாம் வெள்ளி, விளக்கு எரிந்தபோது மணி ஆறு நாற்பது. மயங்கி விழுந்த அந்தப் பெண்ணை அன்று வீட்டோடு வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தும் அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொன்னார்கள்.

ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை, மத்தியானம். மாதையன் மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்தார். கேரியரில் மறுநாள் விளக்குகளுக்கான புது நல்லெண்ணெய் டின் கட்டியிருந்தது. சாவி அரைஞாணில் இல்லை. கையில் இருந்தது.

"நாளைக்கு அவங்க கேட்கிறதுக்கு முன்னால நானே கொடுத்துடறேன்" என்றார். "எண்ணெயையும் சேர்த்து ஒப்படைச்சிடறேன். உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாலம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"குத்தம் கண்டுபிடிச்சீங்களா?"

"தேடாத இடம் இல்லம்மா. வழியில நாலு தடவை நின்னும் தம்பிகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்துக் காட்டுக்காரன்கிட்ட கேட்டேன்."

"அவருகிட்ட எதுக்கு?" என்றார் காவேரி.

"வரப்புக் கல்லை ஒரு அடி தள்ளி நட்டிருந்தேன்."

"ஒரு அடியா?"

"ஒண்ணரை. இப்ப பழைய இடத்துலயே நட்டுட்டேன். வீட்டுக்காரிகிட்டயும் கேட்டேன். அவ களி கிண்டினா கட்டி கட்டியா இருக்குதுன்னு கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லிட்டிருந்தேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"உடம்பு சரியில்லையான்னு கேட்டா."

காவேரி சிரிப்பை அடக்க டீக்கடைக்குள் போய்விட்டார். மாதையன் சாவியை மடியில் வைத்தார்.

"எல்லாம் கேட்டாச்சு. அப்பவும் நிக்குது."

"நிக்கிற இடத்துல என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இறங்குவேன். செருப்பைக் கழட்டுவேன். பொட்டு வைப்பேன். எலுமிச்சம்பழம் வெட்டுவேன். மனசு இறங்கட்டும்னு ரொம்ப நேரம் உட்கார்ந்து வேண்டுவேன். பெட்ரோல் தீர்ந்துபோச்சோன்னு டாங்கைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். மூடுவேன். உதைப்பேன். கிளம்பிடும்."

"தம்பி ஊருக்குப் போனப்ப நாலு பழம் இருந்துச்சா?"

"மூணுதான்."

"நாலாவது தடவை பழம் இல்லாம கிளம்பிச்சா?"

"கிளம்பிச்சு" என்றார் மாதையன். அதை அவர் அதுவரை யோசிக்கவில்லை.

சாலம்மா எழுந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவந்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் சுத்தியலையும் அவரிடம் நீட்டினார்.

"செயினு காஞ்சு கிடக்குது. அந்த டின்னுலேருந்து கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க."

"அது அம்மனோட எண்ணெய்."

"அம்மன்கிட்ட போற வண்டிதானே."

மாதையன் டின்னை அவிழ்த்துத் தரையில் வைத்தார். ஸ்க்ரூ டிரைவரை ஒரு மூலையில் வைத்துத் தட்டினார். ஓட்டை விழுந்தது. இருபத்தாறு வருடமாக டின் உடைக்கிற கை. யோசிக்காமலே எதிர் மூலைக்குப் போய், இரண்டாவது தட்டுக்குச் சுத்தியலை ஓங்கினார்.

சாலம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒண்ணு போதும். ஊத்துங்க."

மாதையன் டின்னைச் சாய்த்தார். நாலு சொட்டு விழுந்தது. டின் ஒரு முறை களக் என்றது. அப்புறம் எதுவும் வரவில்லை.

"வராதும்மா."

"டின்னு நிறைய எண்ணெய் இருக்குதே."

"இருந்து என்ன. ஒரு ஓட்டைல எப்படி வரும்?"

"ஏன் வராது?"

மாதையனுக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கார்புரேட்டரைக் கரைத்துக் குடித்த பெண்ணுக்கு எண்ணெய் டின் தெரியவில்லை.

"எண்ணெய் கீழ இறங்கணும்னா மேல காத்து உள்ள போகணுமில்ல. காத்துப் போக வழி இல்லாம மூடி வச்சா எங்கேருந்து எண்ணெய் வரும்? அதுக்குத்தானே எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை."

சாலம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் வாயில் அப்போது ஸ்க்ரூவும் இல்லை.

டின் மாதையன் கையில் சாய்ந்தபடியே இருந்தது.

அவர் டாங்கைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். டின்னை நிமிர்த்திக் கீழே வைத்தார்.

"இந்த மூடியில ஓட்டை இருக்குதா?"

சாலம்மா பதிலுக்கு மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

மாதையன் செருப்பைக் கழற்றினார். மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். மூன்று மாதச் சந்தனம் பத்தை பத்தையாகப் பெயர்ந்து வந்தது. சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில், ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை. அதற்குள் குங்குமம் கல்லாக இறுகியிருந்தது. கம்பியால் குத்தினார். சிவப்பாகத் தூள் உதிர்ந்தது.

உஸ் என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போனது.

"இந்தச் சத்தத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டேன்" என்றார் மாதையன். "மூடியைத் திறக்கும்போதெல்லாம் வரும். முனியப்பன் மனசு இறங்கி மூச்சு விடறான்னு நினைச்சேன்."

அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. அடக்கினார். மறுபடி வந்தது. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். காவேரி பயந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார் மாதையன். "மூடியைத் திறந்ததுலதான் கிளம்பியிருக்குது. நான் பழத்தைக் கும்பிட்டிருக்கேன்."

"நாலு மெக்கானிக்கு பார்த்தாங்களே, ஒருத்தனும் மூடியைப் பார்க்கலையா?"

"நான் தொட விட்டாத்தானே."

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சாலம்மாவிடம் திரும்பினார்.

"உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"பொட்டைத் துடைங்கன்னு நான் சொல்லியிருந்தா துடைச்சிருப்பீங்களா?"

மாதையன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஆறாவது மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பேன்."

சாலம்மா எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தார்.

"ஏம்மா" என்றார் மாதையன். குரல் இறங்கியிருந்தது. "அப்ப என்கிட்ட குத்தம் இல்லையா?"

"கார்புரேட்டர்கிட்ட இல்லைங்ணா. மீதி எனக்குத் தெரியாது."

காவேரிக்கு அது போதவில்லை.

"அப்ப தம்பிகிட்ட கேட்ட மன்னிப்பெல்லாம் வீண்தானே? வரப்புக் கல்லைத் திரும்ப ஒண்ணரை அடி நகர்த்திடலாமா?"

மாதையன் மடியில் இருந்த சாவியை எடுத்து அரைஞாண் கயிற்றில் கட்டினார்.

எண்ணெய் டின்னைக் கேரியரில் ஏற்றியபிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"இனிமே பொட்டை எங்க வைக்கிறது? பெட்ரோல் குடிக்கிற வாய் அதுதானேன்னு அங்க வச்சேன்."

"வாயிலயா பொட்டு வைப்பாங்க?" என்றார் காவேரி.

சாலம்மா ஒரு சுத்தமான துணியை எடுத்தார். வண்டியின் முன்னால் போய் நின்று, ஹெட்லைட்டுக்கு மேலே, நெற்றிபோல் இருந்த இடத்தை அழுந்தத் துடைத்துவிட்டார்.

மறுநாள், ஆடி மூன்றாம் வெள்ளி, மாதையன் நாலே முக்காலுக்குக் கிளம்பினார். ஆறாவது கிலோமீட்டரில் மீட்டரைப் பார்த்தார். ஏழாவது கிலோமீட்டரில் முனியப்பன் வளைவு வந்தது.

வண்டி நிற்கவில்லை. மாதையன் நிறுத்தினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, முனியப்பனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வெட்டினார். பன்னிரண்டு வெள்ளியாக வண்டிக்காக வெட்டிய பழம். இது சும்மா.

மேல்கொட்டாயில் விளக்கு எரிந்தபோது மணி ஐந்து முப்பத்தைந்து. சாவியை வாங்குவதற்காகக் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்த ஊர்க்கவுண்டர், நீட்டிய கையில் துன்னூறு வாங்கிக்கொண்டார். பிள்ளைத்தாச்சிப் பெண் முன்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். மாதையன் இந்தமுறை நின்று பார்த்தார்.

"குத்தம் போயிடுச்சா பூசாரி?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"காத்து போயிடுச்சுங்க" என்றார் மாதையன். "உள்ள."

ஊர்க்கவுண்டருக்கு அது புரியவில்லை. பூசாரி வாக்கு என்று தலையை ஆட்டினார்.

2020 ஜனவரி 16, வியாழக்கிழமை, மாட்டுப் பொங்கல். காலை பதினொரு மணிக்குத் தம்பி சென்றாயன் ஒன்பது வருடம் கழித்து அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வழியில் வண்டி நான்கு இடத்தில் நின்றது, கார்புரேட்டர் சரியில்லை போலிருக்கிறது என்றார். அவருடைய டாங்க் மூடியில், அண்ணன் அன்றைக்கு வைத்த பொட்டின்மேல், வாரம் தவறாமல் வைத்த சந்தனம் ஒரு வடைக் கனத்துக்கு ஏறியிருந்தது. மாதையன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே குரல் கொடுத்து, உடைக்காத எண்ணெய் டின் ஒன்றை எடுத்துவரச் சொன்னார்.